ஜூன் 15-க்கு முன்னால்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகன் பிளஸ் டூ தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். கணிதப் பிரிவு, அறுபது விழுக்காடு வரும் என்கிறான். அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மகனையும் கூட்டிப் போகிறேன், அடுத்த வருடம் படிக்கட்டும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூன்று லட்சம் கட்டினால் கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள், நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். கல்லூரிக்கு அனுப்பினால் வேலை கிடைக்குமா, கடன்தான் மிஞ்சுமா?"

அம்மா, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் தேதியைப் பற்றிப் பேச வேண்டும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். நம் கரையில் பிள்ளைகளின் படிப்பு நிற்கும் இடம் மதிப்பெண் அல்ல, ஒரு தேதி என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அந்தத் தேதி ஜூன் 15.

கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளஸ் டூ முடிவு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு, முதல் கட்டணம் எல்லாமே அந்த 61 நாளுக்குள்ளும் அதை ஒட்டியும்தான் விழுகின்றன. வீட்டுக்கு வருமானமே இல்லாத இரண்டு மாதமும் பிள்ளைக்குப் பணம் வேண்டியிருக்கும் இரண்டு மாதமும் ஒன்றாக அமைந்துபோயின. வயல்காட்டு ஊர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. சென்னையில் உட்கார்ந்து கால அட்டவணை போடுகிறவர்களுக்கு இது தெரியவும் தெரியாது.

அதற்குள் படகு கரையேறி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து நிற்கும். சம்மாட்டிக்கு, அதாவது படகின் உரிமையாளருக்கு, ஆள் வேண்டும். தடை முடிந்த முதல் சில நாள் பாடு நன்றாகவே இருக்கும். பதினேழு வயதுப் பையன் இரண்டு முறை போய் வந்தால் அவன் கையில் அவனே சம்பாதித்த பணம் இருக்கும். அதன் பிறகு, ராமநாதபுரத்தில் கல்லூரி வாசலில் நின்று விண்ணப்பம் வாங்கு என்றால் எந்தப் பையன் போவான்? அடுத்த வருடம் படிக்கிறேன் என்று படகேறிய என் மாணவர்களில் திரும்பி வந்து சேர்ந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடுவேன்.

உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியவரின் நெருக்கடி வாங்காதவனுக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனால் பையன் எப்போது வீடு திரும்புவான் என்று அவரால் சொல்ல முடியுமா? கல்லூரி அதுவரை காத்திருக்காது. ராமேஸ்வரம் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று நாள் டோக்கன் வாங்கிப் போகும் தொழிலில் ஒரு வீட்டின் இரண்டு பேரும் ஒரே படகில் இருப்பது எவ்வளவு பெரிய பந்தயம் என்பதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்த மூன்று லட்சம். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இதில் எனக்குச் சொந்தச் சூடு உண்டு. என் அக்காள் மகன் இப்படித்தான் சென்னையில் ஒரு ஏஜென்டிடம் இரண்டே முக்கால் லட்சம் கட்டினான். நான்கு மாதம் லாட்ஜில் உட்கார வைத்தார்கள். பிறகு சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் ஏறியது கப்பல் அல்ல, துறைமுகத்தில் கிடந்த பழைய இழுவைப் படகு. சம்பளம் வரவில்லை. அக்காள் வளையல் போனதுதான் மிச்சம்.

வணிகக் கப்பல் வேலைக்கு நேர்வழி இருக்கிறது. மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்து, மாலுமி என்ற முறையில் ஒரு பதிவு எண்ணும், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகமும் வாங்கியவன்தான் சட்டப்படி கப்பலேற முடியும். ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கும் அதே இயக்குநரகம் உரிமம் தருகிறது. உரிமம் பெற்ற நிறுவனம் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே பணம் கேட்கிறார் என்பதே அவர் யார் என்பதற்குப் பதில். நிலையங்களின் பட்டியலும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. மகனே கைபேசியில் பார்த்துவிடுவான்.

அதிகாரியாகக் கப்பலேற வேண்டுமானால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து 60 விழுக்காடும், ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் கேட்கிறார்கள். உங்கள் மகன் சரியாக விளிம்பில் நிற்கிறான். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் பிளஸ் டூ முடிவை ஒட்டியே முடிந்துவிடும். எனவே முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பதிவு செய்யட்டும். ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் போகிறது, படித்து முடித்த எல்லோரையும் கப்பல் நிறுவனங்கள் உடனே எடுத்துக்கொள்வதும் இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று ஒரு கண் மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள். அது இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஏனோ நம் ஊர்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிலையம் என்று ஒன்று கொச்சியில் 1963 முதல் இருக்கிறது. சென்னை ராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் அதன் கிளைகள். கலம் செலுத்துபவர் பயிற்சி, கடல் எஞ்சின் ஃபிட்டர் பயிற்சி என இரண்டு ஆண்டுப் படிப்புகள். கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே 40 விழுக்காட்டோடு பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும், மாத உதவித்தொகையும் உண்டு. வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போட முடியாது. முடித்தவர்கள் கடல் அனுபவத்தோடு அரசுத் தேர்வெழுதி மீன்பிடிக் கலங்களின் மேட், ஸ்கிப்பர், எஞ்சின் டிரைவர் சான்றுகள் பெறலாம். இந்திய மீன்வள அளவைத் துறையின் கப்பல்களும் ஆய்வுக் கப்பல்களும் இப்படிப்பட்டவர்களைத்தான் எடுக்கின்றன. கச்சான் காற்று எழும்போது கடல் எப்படி மாறும் என்று உங்கள் கணவர் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். நகரத்துப் பையனுக்கு அதைப் புத்தகத்தில் கற்பிக்க ஆறு மாதம் பிடிக்கும். அப்பாவின் அறிவுக்கு ஒரு சான்றிதழ் வாங்கும் வழி இது. இதைச் சொன்னால் உங்கள் கணவரும் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

கடலோரக் காவல்படையில் நாவிக் எனப்படும் மாலுமிப் பணி இன்னொன்று. கணிதம், இயற்பியலோடு பிளஸ் டூ, வயது 18 முதல் 22. 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும், 20 முறை உட்கார்ந்து எழ வேண்டும், 10 தண்டால். வலை இழுத்த உடம்புக்கு இது விளையாட்டு. நம் பையன்கள் விழுவது எழுத்துத் தேர்வில், அதிலும் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதால். கணக்குத் தெரிந்த பையன் கேள்வி புரியாமல் விட்டு வருவதைப் பார்க்க வயிறு எரியும். இதற்காகவே மீனவர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தங்குமிடம், உணவோடு இலவசப் பயிற்சி நடத்துகிறது. ராமநாதபுரம் மாவட்டமும் அதில் உண்டு. அடுத்த பிரிவு எப்போது என்று மீன்துறை அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று: தோளிலும் கழுத்திலும் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம் என்று மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் உடல் தகுதியில் தள்ளிவிடுவார்கள். என் வகுப்பில் முதலாவதாக ஓடி வந்த பையன் ஒருவன் இடது தோளில் குத்தியிருந்த நங்கூரத்தால் வீட்டுக்குத் திரும்பினான்.

எதிலும் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிக்கக் கூடாது. நம் ஊர் மேடைகளில் அப்துல் கலாம் பெயரைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. ஆனால் அவர் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இருந்த இடங்கள் எட்டு என்பதை யாரும் சொல்வதில்லை. அதே பயணத்தில் டில்லியில் இன்னொரு நேர்காணலுக்கும் அவர் போயிருந்தார். பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் கிடைத்த அந்த இரண்டாவது வேலையில்தான் 1958-இல் சேர்ந்தார், அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ராமேஸ்வரத்துப் பையனுக்கு இரண்டாவது விண்ணப்பம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கரையில் இருந்தபடி படிப்பதானால், பொறியியல் கலந்தாய்வு 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் நடக்கிறது: கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. மகன் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அரசு உதவி பெறும் பள்ளியென்றால் இந்த ஒதுக்கீடு கிடையாது. நம் தீவில் பாதிப் பேர் படிப்பது அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். கலந்தாய்வு நாளில் போய் இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கல்லூரியில் இடம் வராவிட்டால், ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்க்காதீர்கள். அதைவிட பாலிடெக்னிக் மேல். பிளஸ் டூ கணிதப் பிரிவு மாணவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டுப் பொறியியல் பட்டப்படிப்பிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். சுற்று வழிதான், ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

ஐ.டி.ஐ.யைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐஸ் பிளான்ட், மீன் பதப்படுத்தும் தொழிற்சாலை, ராமேஸ்வரத்து ஓட்டல்கள் எல்லாவற்றிலும் குளிர்பதன எந்திரம் ஓடுகிறது. பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். குளிர்பதன மெக்கானிக், ஃபிட்டர், எலக்ட்ரீசியன் மூன்றும் இரண்டு வருடப் பிரிவுகள். முடித்த பிறகு ரயில்வேயிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சி கிடைத்தால் பையன் நிமிர்ந்துவிடுவான்.

மீன்வளப் படிப்பையும் விட வேண்டாம். மகன் உயிரியலும் படித்திருந்தால் நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டம். தூத்துக்குடிக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. உயிரியல் இல்லையென்றால் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பொறியியல். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால் அறுபது விழுக்காடு என்று தயங்காமல் விண்ணப்பியுங்கள். 1947-இல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபம் முகாமில் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் அங்கேயே நடக்கிறது. கடல் விரால் குஞ்சுகளை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிக்க வைத்ததும் அங்கேதான், 2010-இல். அந்த மதிலுக்கு வெளியே வலை உலர்த்தும் வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் விஞ்ஞானியாக உள்ளே போயிருக்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னை முப்பது வருடமாகக் குடைகிறது.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்தில் இதே கேள்வியைக் கேட்கிறவர்களுக்குச் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போகலாமா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். போகலாம், ஆனால் ஒரு தொழில் சான்றிதழோடு போனால் சம்பளம் வேறு, வெறும் கையோடு போனால் வேறு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. பதிவு பெற்ற தனியார் ஏஜென்டும் 30,000 ரூபாயும் வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. சுற்றுலா விசா என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

உங்கள் மகளின் ஆசைக்கு வருகிறேன். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு டிப்ளமோ நர்சிங் இன்னொரு வழி. இந்த இரண்டில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவளே நர்ஸ். ராமநாதபுரம் பஸ் நிலையத்தைச் சுற்றி ஓராண்டில் நர்சிங், உடனடி வேலை என்று பலகைகள் தொங்குகின்றன. அங்கே படித்த பெண்கள் வெள்ளை உடுப்பு போட்டு, ஊசி போட்டு, இரவுப் பணியும் பார்த்துவிட்டுத் துப்புரவுப் பணியாளரைவிடச் சற்றே கூடுதலான சம்பளத்தில் காலம் தள்ளுகிறார்கள். அரசு வேலையும் வராது, வெளிநாடும் வராது. கல்லூரியின் பெயரைக் கவுன்சில் பட்டியலில் பார்க்காமல் ஐந்நூறு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். மதிப்பெண் போதாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வக நுட்பநர் டிப்ளமோ இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி உண்டு.

பெண்ணை வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். பாசி எடுக்கத் தீவுக் கரையோரம் கழுத்தளவு தண்ணீரில் இறங்குகிறாளே, அப்போது கேட்காதவர்கள் விடுதிக்கு மட்டும் கேட்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளில் உணவும் இடமும் இலவசம். வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெண் பிள்ளைகளுக்கு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பிறகு இதை நீட்டித்துவிட்டார்கள். மகனுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரும்போது அதில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் முதல் வருடக் கட்டணமே சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தொழிற்படிப்பென்றால் வங்கிக் கல்விக் கடன்: நான்கு லட்சம் வரை அடமானமும் மூன்றாம் ஆள் உத்தரவாதமும் தேவையில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. கிளை மேலாளர் வாய்மொழியாக இல்லை என்றால் திரும்பி வராதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுப் போனால் அவர் மறுப்பதையும் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கிப் படிக்க வைப்பதாக இருந்தால் அந்தப் படிப்பே வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கல்லூரிக்கு அனுப்பினால் வேலை கிடைக்குமா? பட்டம் மட்டும் இருந்தால் கிடைக்காது என்பதே நேர்மையான பதில். மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்து, கையில் காகிதத்தோடு கரையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் உங்கள் கணவரும் பயப்படுகிறார். வேலைக்குப் போனவர்கள் வேறு ஏதோ ஒன்றைச் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். ஒருத்தி தட்டச்சு இரண்டு நிலையும் முடித்துத் தேர்வாணையத்தின் தொகுதி நான்கில் போனாள். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும், பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொருவன் தினமும் பாம்பனிலிருந்து பஸ்ஸில் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போவான். எல்லோரும் சிரித்தார்கள். கடலோரக் காவல்படைத் தேர்வில் கேள்வி புரிந்தது அவனுக்குத்தான்.

ஒரு பாடத்தில் தவறினாலும் துணைத் தேர்வு அதே கோடையிலேயே நடக்கிறது, வருடம் வீணாகாது. அந்த நாட்களில் மட்டும் பையனைப் படகின் பக்கம் விடாதீர்கள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மகனின் பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். நம் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருக்கும், திருத்த வாரக்கணக்கில் ஆகும். திங்கட்கிழமை இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் பதிவு செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மகன் கலைக் கல்லூரிக்குப் போவதானால் அதை அவனுக்காகச் செலவழிக்காமல் மகளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். சாதிச் சான்று பழையதாக இருந்தால் அதையும் இணையவழிச் சான்றாக மாற்றிவிடுங்கள். மீனவர் நல வாரிய அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா என்று கணவரிடம் கேளுங்கள். அது காலாவதியாகியிருந்தால் கல்வி உதவித்தொகை வராது.